கார்த்திகையில் கோடை வெயில்: திருகோணமலையில் நடப்பது என்ன?

ஐப்பசி பிறந்து, கூரை ஓடுகளைச் சரிபார்த்து, குடையையும் தேடி எடுத்து வைத்த பிறகு ஒரு வாரம் வெயில் கொளுத்தினால் போதும். திருகோணமலையில் வானிலை விளக்கம் சொல்லாத வாய் இருக்காது. மீன்சந்தையில் "காலம் கெட்டுவிட்டது" என்பார்கள். பஸ் நிலையத்தில், பசிபிக் சமுத்திரம் சூடாகும் எல் நினோதான் காரணம் என்பார்கள். சூரியன் பூமிக்குக் கிட்ட வந்துவிட்டதாக வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அதே கிழமையில் ரொறன்ரோவிலிருந்து அழைக்கும் உறவினர் "இங்கேயும் நவம்பரில் ஜாக்கெட் இல்லாமல் நடக்கிறோம்" என்று சொல்லிவிட்டால், எல்லாம் ஒன்றாகக் குழைந்து "உலகமே சூடாகிவிட்டது" என்ற ஒரே முடிவில் வந்து நிற்கும்.

இந்தக் காரணங்களில் சூரியன் கதை முழுப் பிழை. எல் நினோ கதை பெரும்பாலும் தலைகீழ். உலகம் சூடாகிறது என்பது உண்மை. ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்கும் இடம்தான் தவறு. நம் ஊரின் மழைக்கால வெயிலுக்கு இவற்றைவிட எளிய விளக்கம் ஒன்று உண்டு. கார்த்திகைக் குளிர்ச்சியைச் சூரியன் நமக்குத் தருவதில்லை. மேகமும் மழையும் காற்றும் சேர்ந்து தருகின்றன. அவை ஒரு வாரம் விலகி நின்றால், அதுவரை மறைந்திருந்த வெயில் அப்படியே வெளியே தெரிகிறது.

"வழக்கம்" என்பது எது?

முதலில் இரண்டு சொற்கள். இன்று, நாளை, இந்தக் கிழமை வானம் எப்படி இருக்கிறது என்பது வானிலை. ஓர் இடத்தின் வானிலையைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து, அங்கே பொதுவாக எப்படி இருக்கும் என்று வரும் முடிவு காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுகளை அளவாக வைத்திருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையான சராசரி. ஒரு நாளோ ஒரு மாதமோ அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதற்கு விலகல் என்று பெயர். "பருவம் தவறிய வெயில்" என்று நாம் சொல்வதை இந்தக் கணக்கில் எழுதினால், வெப்பநிலையின் விலகல் மேல்நோக்கி இருக்கிறது என்பதுதான்.

திருகோணமலையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பகல் உச்ச வெப்பநிலை சராசரியாக 34 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். நவம்பரில் அது 29, 30 அளவுக்கு இறங்கும். டிசம்பர், ஜனவரியில் 28 பாகை. ஆண்டு முழுவதும் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பாதிக்கும் அதிகம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டிவிடும். நவம்பர் மாதத்துக்கு மட்டும் ஏறத்தாழ 350 மில்லிமீற்றர் பங்கு.

இந்த எண்களை வைத்துக்கொண்டு "நவம்பர் என்றால் தினமும் மழை, தினமும் 29 பாகை" என்று நினைத்துவிடக் கூடாது. 350 மில்லிமீற்றர் மழை 30 நாட்களுக்கும் பங்கு பிரித்துப் பெய்வதில்லை. மூன்று நான்கு நாள் விடாமல் கொட்டி, கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, பிறகு ஐந்து நாள் வானம் வெளுத்துக் கிடக்கும். வெள்ளம் வந்த நவம்பரை நாம் ஆயுளுக்கும் நினைவில் வைத்திருப்போம். அதே மாதத்தின் வெயில் நாட்கள் மறந்துபோகும். "முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வெயிலையே கண்டதில்லை" என்ற பேச்சில் பாதி இந்த மறதியின் வேலை.

ஆகவே நவம்பரில் 32 பாகையைத் தொடும் ஒரு நாள் விலகல்தான். ஆனால் அதிசயம் இல்லை. எத்தனை நாள் தொடர்கிறது, எத்தனை ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

சூரியன் எங்கேயும் போகவில்லை

வட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடலாம். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில். அப்போது தூரம் சுமார் 147 மில்லியன் கிலோமீற்றர். மிகத் தூரத்தில் இருப்பது ஜூலை தொடக்கத்தில். சுமார் 152 மில்லியன். வித்தியாசம் நூற்றுக்கு மூன்று மட்டும்தான். திருகோணமலை மிகவும் குளிர்ந்திருக்கும் ஜனவரியில்தான் சூரியன் மிகக் கிட்ட இருக்கிறது என்பதே அந்தச் செய்திக்குப் போதுமான பதில்.

பருவத்தைத் தீர்மானிப்பது சூரிய ஒளி எந்தச் சாய்வில் விழுகிறது என்பது. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி ஒரு முறையும், ஓகஸ்ட் கடைசியை ஒட்டி ஒரு முறையும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நவம்பர் பிற்பகுதியில் அது தெற்கே சாய்ந்துவிடும். ஆனால் எவ்வளவு சாய்கிறது? நண்பகலில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 61 பாகை உயரத்தில் அப்போதும் இருக்கிறது. உச்சியில் நிற்கும் சூரியன் ஒரு சதுர மீற்றர் நிலத்துக்குத் தரும் வெப்பத்தில் எட்டில் ஏழு பங்கை இந்தச் சாய்ந்த சூரியனும் தந்துவிடும். பகல் நேரமும் 11 மணி 40 நிமிடத்துக்குக் குறையாது.

அதாவது, வானம் தெளிவாக இருந்தால் நவம்பர் சூரியனும் கோடைச் சூரியனுக்கு அதிகம் சளைத்ததில்லை. அப்படியானால் ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையிலுள்ள நான்கைந்து பாகை எங்கே போகிறது?

மண்பானை எப்படிக் குளிர்கிறது?

வீட்டு முற்றத்தில் வைக்கும் மண்பானையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் குளிர மூன்று வேண்டும். பானை நிழலில் இருக்க வேண்டும். அதன் மேற்பரப்பு ஈரமாகக் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே காற்று பட வேண்டும். வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகும். கசிவு நின்ற பழைய பானையில் தண்ணீர் குளிராது. காற்றே இல்லாத மூலையில் வைத்தாலும் பயன் குறைவு. மழைக்காலத் திருகோணமலை இந்தப் பானைதான். நிழல், ஈரம், காற்று மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

நிழல்: மேகம்

தடித்த மழைமேகம் சூரிய ஒளியில் பெரும்பகுதியை மேலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. காலையிலிருந்து மூட்டமாகக் கிடந்த ஒரு கார்த்திகை நாளில் நண்பகலிலும் 27 பாகையைத் தாண்டாமல் இருப்பது இதனால்தான். மறுநாள் மேகம் கலைந்தால் அதே இடம் இரண்டு மணி நேரத்தில் 31-ஐ எட்டிவிடும். பிரட்றிக் கோட்டை மான்கள் இதைச் சரியாகக் கணக்கு வைத்திருக்கின்றன. மூட்டமான நாளில் கோவில் வீதியெங்கும் மேய்கிறவை, வெயில் விழுந்த நாளில் பத்து மணிக்கே மர நிழலில் படுத்துவிடும்.

மேகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இரவில் நிலம் வெளியிடும் வெப்பத்தை அது தடுத்துக் கீழே திருப்பி அனுப்பும். எனவே மேகமற்ற நாட்களில் பகல் சுடும், விடியல் குளிரும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் கந்தளாய்ப் பக்கத்தில் இது நன்றாகத் தெரியும். நகரக் கரையில் அவ்வளவு தெரியாது; ஏனெனில் நவம்பரிலும் வங்கக் கடலின் மேற்பரப்பு 28 பாகை அளவில் இருக்கிறது, அது இரவைக் குளிர விடாது.

ஈரம்: ஆவியாதல்

பலரும் கவனிக்காத பங்கு இது. மழை பெய்து நனைந்த நிலத்தின் மேல் வெயில் விழும்போது, அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் காற்றைச் சூடாக்கும். இந்தச் செலவு எவ்வளவு பெரியது என்றால், ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைவரை கொண்டுபோகத் தேவையான வெப்பத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பம், அதே ஒரு லீற்றரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. தம்பலகாமத்து வயல்களில் தண்ணீர் நிற்கும் நாட்களில் அங்கே சைக்கிளில் போகிறவருக்கும், தார்வீதியும் சீமெந்துச் சுவரும் நிறைந்த நகர நடுவில் நிற்கிறவருக்கும் ஒரே வெயில் இரண்டு விதமாகப் படுவதற்கு இதுவே காரணம்.

மழை தாமதித்தால் என்ன ஆகும்? மே முதல் செப்டெம்பர் வரை காய்ந்த நிலம் ஒக்டோபரிலும் காய்ந்தே கிடக்கும். ஆவியாக்க நீர் இல்லாததால் வெயில் முழுவதும் நிலத்தையும் காற்றையும் சூடாக்கும். சூடான நிலம் இன்னும் காயும். ஒரு நல்ல மழை விழும்வரை இந்தச் சுற்று உடையாது. அந்த முதல் பெரிய மழை வந்த பிறகு அடுத்த நாள் வெயில் அடித்தாலும் பழையபடி சுடுவதில்லை.

காற்று: வாடையும் கச்சானும்

மூன்றாவதுதான் திருகோணமலை இருக்கும் கிழக்குக் கரைக்கே உரியது. கொழும்பில் இருக்கிறவருக்கு இது புரியாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. அது ஈரத்தோடு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி ஏறி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனால். ஈரத்தை இழந்த காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. ஈரமான காற்று மேலேறும்போது ஒரு கிலோமீற்றருக்கு 5 அல்லது 6 பாகை குளிரும். காய்ந்த காற்று இறங்கும்போது ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம் என்பதால், மலையின் இந்தப் பக்கம் வந்து சேரும் காற்று காய்ந்தும் சூடேறியும் இருக்கிறது. நாம் கச்சான் என்று சொல்லும் காற்று அதுதான். பகலில் கடலிலிருந்து வர முயலும் குளிர்ந்த கடற்காற்றையும் அது தள்ளிவிடும்.

நவம்பர் பிற்பகுதியிலிருந்து திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கும். பரந்த கடலின் மேல் வரும் அந்தக் காற்று ஈரமானது, மிதமானது; நேராக நம் கரையில்தான் முதலில் ஏறுகிறது. கோணேசர் கோவில் மலையுச்சியில் நின்றால் எந்தக் காற்று என்று கேட்கவே வேண்டியதில்லை. வாடை என்றால் சேலையும் வேட்டியும் கடலிலிருந்து நகரத்தை நோக்கிப் படபடக்கும். கச்சான் என்றால் நகரத்துப் புழுதி முதுகில் படும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மேகம் நிழல் தருகிறது, நனைந்த நிலம் வெப்பத்தை விழுங்குகிறது, வாடை கடல்காற்றைக் கொண்டுவருகிறது. மூன்றும் இருந்தால் 28 பாகை. மூன்றும் விலகினால் 33 வரை போகலாம். இனி, அவை ஏன் விலகுகின்றன என்பதுதான் கேள்வி.

மழைக்காலம் ஏன் இடைவெளி விடுகிறது?

வளிமண்டலவியல் திணைக்களம் நம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் தென்மேல் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வடகீழ் பருவம். நாம் "மாரி" என்று ஒரே பெயரில் சொல்வது இவற்றில் கடைசி இரண்டும் சேர்ந்தது. இதைக் கவனித்தால் ஒரு குழப்பம் தீரும். ஐப்பசியில் பெய்யும் மழை பெரும்பாலும் வாடை கொண்டுவருவதில்லை. வாடை அப்போது நிலைகொள்ளவே இல்லை. ஒக்டோபரில் காற்று பலவீனமாக, திசை தெரியாமல் கிடக்கும். காலையில் வெயில் ஏறி, நிலம் சூடாகி, பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். காலையில் சுடுவது அந்த இடிமழைக்கான அடுப்பு மூட்டல். பிற்பகலில் மழை வந்தால் யாரும் குறை சொல்வதில்லை. வராவிட்டால் நாள் முழுவதும் வெயில் மட்டும் மிஞ்சும்.

இந்த மாதங்களில் இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் சந்திக்கும் ஒரு மேகப்பட்டி, சூரியனைத் தொடர்ந்து தெற்கே நகர்ந்து இலங்கையைக் கடக்கிறது. இதற்கு ஒருங்கல் வலயம் என்று பெயர். நேர்கோடு போட்டது போல அது இறங்கி வராது; சில வருடம் பிந்தும், சில வருடம் நம்மைத் தாண்டிக் கடலின் மேல் போய் நின்றுவிடும். பிந்திய வருடத்தில் ஐப்பசி சுடும்.

அடுத்தது, கிழக்கு நோக்கி நகரும் ஒரு மழைத் துடிப்பு. 1971-இல் மேடன், ஜூலியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்; மேடன்–ஜூலியன் அலைவு என்று பெயர். பெரும் மேகக்கூட்டம் ஒன்று இந்து சமுத்திரத்திலிருந்து கிழக்கே நகர, அதற்கு முன்னும் பின்னும் காற்று கீழ்நோக்கி இறங்கி மேகத்தைக் கலைத்துவிடும். ஒரு சுற்று 30 முதல் 60 நாட்கள். மேகப் பகுதி நம் தலைக்கு மேல் இருக்கும் வாரங்களில் மழை பின்னும். இறங்கும் பகுதி வந்தால் நடு மாரியிலும் ஒரு வாரம், பத்து நாள் வானம் வெளுத்துவிடும். "நல்லாகப் பெய்துகொண்டிருந்த மழை திடீரென்று எங்கே போனது" என்ற கேள்விக்குப் பல வருடங்களில் இதுவே விடை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது: பக்கத்தில் ஒரு சூறாவளி இருப்பதும் நமக்கு வெயில் தரலாம். சூறாவளி என்பது வலுத்த தாழமுக்கம், அதாவது காற்றழுத்தம் குறைந்த பகுதி. வட அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். தாழமுக்கம் நம் கரைக்கு நேரே வந்தால் மழையும் சேதமும் நமக்கு. 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியதை மறந்திருக்க மாட்டோம். ஆனால் அது நமக்கு வடக்கே, தமிழ்நாடு அல்லது ஆந்திரக் கரையை நோக்கிப் போய்விட்டால், சுழற்சியின் தெற்குப் பக்கத்தில் நாம் இருப்போம். அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அதாவது மலையைத் தாண்டி இறங்கும் காய்ந்த காற்று, கார்த்திகையில் இரண்டு மூன்று நாளைக்குக் கச்சானாகத் திரும்பி வருகிறது. சென்னையில் வெள்ளம் என்று தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருக்கும்போது திருகோணமலையில் சட்டை நனைய வியர்ப்பது இப்படித்தான். மழை மேகத்தை அவர்கள் இழுத்துக்கொண்டார்கள் என்று பேசுவது முழுக்கத் தவறில்லை. காற்றின் திசையையும் சேர்த்துச் சொன்னால் சரியாகிவிடும்.

எல் நினோவின் மேல் போடும் பழி

பசிபிக் சமுத்திரத்தின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது எல் நினோ. குளிர்வது லா நினா. இந்தியாவில் எல் நினோ ஆண்டுகளில் ஜூன்–செப்டெம்பர் மழை குறைவது வழக்கம். அந்தச் செய்திகளை வாசித்துவிட்டு நம்மவர்கள் இங்கேயும் அதையே பொருத்துகிறார்கள். இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைப் பொறுத்தவரை எல் நினோ பெரும்பாலும் மழையைக் கூட்டுகிறது. குறைக்கும் பக்கம் சாய்வது லா நினாதான். எனவே கார்த்திகை காய்ந்தால் உடனே எல் நினோவைத் திட்டுவது, திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடிப்பது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இந்து சமுத்திரத்திலேயே இருக்கிறது. சமுத்திரத்தின் மேற்குப் பக்கம், அதாவது ஆபிரிக்கக் கரைப்பக்கம் சூடாகவும் இந்தோனேசியப் பக்கம் குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகள் உண்டு. அது தலைகீழாகும் ஆண்டுகளும் உண்டு. இந்த ஊசலாட்டத்துக்கு இந்து சமுத்திர இருமுனை என்று பெயர். முதல் வகையை நேர்நிலை என்றும் இரண்டாவதை எதிர்நிலை என்றும் சொல்வார்கள். நேர்நிலையில் நம் ஐப்பசி–கார்த்திகை மழை பொதுவாகக் கூடும், எதிர்நிலையில் குறையும். 2019 வலுவான நேர்நிலை ஆண்டு. அந்த டிசம்பரில் நாட்டின் பல பகுதிகளில் வெள்ளம். 2016 வலுவான எதிர்நிலை. அந்த ஆண்டின் மாரி பொய்த்து, 2017 வரை நீண்ட கடும் வறட்சி வந்தது. பெரும்போகத்தில் விதைக்கவே முடியாமல் வயல்கள் கிடந்தன.

இவை எல்லாம் ஒரு பருவம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லும் காரணிகள். ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை ஏன் சுட்டது என்று கேட்டால் மேகத்தையும் காற்றுத் திசையையும்தான் பார்க்க வேண்டும்.

31 பாகை ஏன் 35-ஐவிடச் சுடுகிறது?

வெப்பமானி 31 என்று காட்டும், உடம்பு ஒப்புக்கொள்ளாது. இதற்குக் காரணம் ஒப்பு ஈரப்பதன்: அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற அளவு. அது கூடினால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. கச்சான் வீசும் ஜூலையில் 35 பாகையும் 45 சதவீத ஈரப்பதனும் இருந்தால் உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 39. மழைவிட்ட நவம்பர் நாளில் 31 பாகையும் 80 சதவீதமும் என்றால் அது 41. வெப்பநிலை நான்கு பாகை குறைவு, புழுக்கம் அதிகம். மழைக்கால வெயில் தாங்க முடியவில்லை என்று சொல்கிற பாட்டி பொய் சொல்லவில்லை.

(கன்னியா வெந்நீரூற்றுக்கும் இந்த வெப்பத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இல்லை. அந்த ஏழு கிணறுகளின் சூடு நிலத்தின் அடியிலிருந்து வருவது. வானத்தோடு அதற்குக் கணக்கு வழக்கு கிடையாது.)

ரொறன்ரோவின் நவம்பர் வெயில் வேறு

அங்கே நவம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 26 பாகை உயரத்தில்தான் நிற்கும். பகல் ஒன்பதரை மணி நேரம்கூட இல்லை. மேகமே இல்லாவிட்டாலும் அந்தச் சூரியனால் ஊரைச் சூடாக்க முடியாது. தெளிந்த வானம் அங்கே பெரும்பாலும் கடுங்குளிரைத்தான் கொண்டுவரும். அப்படியானால் 2020 நவம்பர் முற்பகுதியில் ரொறன்ரோவில் தொடர்ந்து பல நாட்கள் 20 பாகையைத் தாண்டியது எப்படி?

அந்த வெப்பம் இறக்குமதி. பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகமான காற்றுக்குத் தாரைக்காற்று என்று பெயர். அது நேராக ஓடாமல் வளைந்து நெளிந்து ஓடும். வளைவு வடக்கே மேலேறிய இடத்தில், மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்துச் சூடான காற்று கனடாவரை ஏறி வரும். வளைவு அசையாமல் சில நாட்கள் நின்றுவிட்டால் இலையுதிர்காலக் கடைசியிலும் ஜாக்கெட் தேவைப்படாது. வளைவு நகர்ந்ததும் ஒரே இரவில் 15 பாகை விழும்.

நம் ஊர் நவம்பர் வெயில் உள்ளூர்ச் சரக்கு. சூரியனின் சொந்த வெப்பம் மேகம் விலகியதால் வெளிப்படுகிறது. அங்கே காற்று தூரதேசத்திலிருந்து கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே கிழமையில் நடந்தால் அது தற்செயல். தொலைபேசியில் இரண்டையும் ஒரே காரணத்தில் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம்.

அப்படியானால் காலநிலை மாற்றம்?

அது பொய்யா என்றால், இல்லவே இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் காற்றில் சேர்த்த காபனீரொட்சைட்டு, பூமி வெளியிடும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுத்து வைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2024-ஆம் ஆண்டு உலகச் சராசரி 1.5 பாகைக்கு மேல் உயர்ந்திருந்தது. பதிவு வைத்திருக்கும் காலத்தில் அதுவரை எந்த ஆண்டும் இவ்வளவு சூடாக இருந்ததில்லை. இந்து சமுத்திரமும் வேகமாகச் சூடாகும் கடல்களில் ஒன்று.

நம் ஊர் வெயிலில் இதன் பங்கு எது? மேகம் விலகிய ஒரு நவம்பர் நாள் ஐம்பது வருடத்துக்கு முன்பும் சுட்டிருக்கும். அதே அமைப்பு இன்று வரும்போது, ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தளத்தின் மேல் வருகிறது. அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது. விலகலை உண்டாக்கியது வானிலை, அது எந்த மட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மாற்றியது காலநிலை. இந்த இரண்டையும் குழப்பினால் இரண்டு பக்கமும் தவறு வரும். ஒரு வாரம் வெயில் அடித்தால் உலகம் அழிகிறது என்று ஒருவர் சொல்வார். அடுத்த வாரம் வெள்ளம் வந்ததும் "எங்கே உங்கள் காலநிலை மாற்றம்" என்று இன்னொருவர் கேட்பார்.

உண்மையில் வெள்ளமும் அதே கதையின் பகுதிதான். காற்று ஒரு பாகை சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதலான நீராவி அதில் இருக்க முடியும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்புக் கூடுகிறது. பெய்யாத இடைவெளி நாட்களும் முன்பைவிடச் சூடாகின்றன. இந்த மாற்றத்தைத் தேட வேண்டிய இடம் பகல் வெயிலைவிட இரவு வெப்பநிலை. மேகம் வந்து போவதால் பகல் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சூடான கடலும் ஈரக்காற்றும் பிடித்து வைத்திருக்கும் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை அவ்வளவு துள்ளாது. பல ஆண்டுப் பதிவில் அது ஏறுகிறதா என்று பார்ப்பது எளிது.

நாமே பார்த்துக்கொள்ள

அடுத்த முறை ஐப்பசியோ கார்த்திகையோ சுடும்போது முதலில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். உப்புவெளிக் கடற்கரையில் நின்றால் போதும். காற்று தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசி, கரையோரத்தில் அலை தட்டையாகக் கிடந்தால் கச்சான் திரும்பியிருக்கிறது. வடக்கே ஏதாவது தாழமுக்கம் இருக்கிறதா என்று திணைக்களத்தின் அறிக்கையில் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். அது கரையேறி வலுவிழந்ததும் ஓரிரு நாளில் காற்று மாறிவிடும்.

காற்றே இல்லாமல், வானமும் வெளுத்திருந்தால் மழைத் துடிப்பின் இறங்கும் பகுதி நம் மேல் நிற்கிறது. இது ஒரு வாரமோ இரண்டு வாரமோ நீளலாம். கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு இது கொண்டாட்டம்; மானாவாரியில் விதைத்தவர்களுக்குத் திண்டாட்டம். செய்மதிப் படத்தில் அரபிக் கடலின் தெற்கிலும் மாலைதீவுப் பக்கத்திலும் மேகக்கூட்டம் திரளத் தொடங்கினால் மழை திரும்பும் நாள் கிட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் மட்டும் சுட்டு, பிற்பகலில் மூதூர், கந்தளாய்ப் பக்கம் மேகம் கறுத்து எழும்பினால் எதுவும் பிசகவில்லை. அது இடைப்பருவத்தின் வழக்கமான நாள். இடி கேட்டால் வயலிலும் கடலிலும் நிற்கிறவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மின்னலுக்குப் பேர்போன மாதங்கள்.

பருவமே பொய்க்கிறதா என்ற கவலைக்கு ஒரு வார வெயில் சான்றாகாது. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாத மொத்த மழையைச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். இருமுனை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் குறைவுப் பக்கம் இருந்தாலும் டிசம்பரில் வாடை மழை வந்து ஈடுகட்ட இடமிருக்கிறது. மொத்தத்தில் பெரும் பங்கு அந்த மாதத்துக்கும் உண்டு. தைப்பொங்கல் நெருங்கியும் கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டம் ஏறவில்லை என்றால்தான் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பது என்ற பேச்சைக் கமக்காரர் கூட்டத்தில் தொடங்க வேண்டியிருக்கும்.